ஃப்ரீஸரைத் துடைத்தவள்

மார்ச் 11, செவ்வாய்.

லேப் துடைக்கும் ஜெஸிந்தா இன்று காலை யாரும் சொல்லாமலே ஃப்ரீஸரில் ஐஸைத் தட்டிச் சுத்தம் செய்திருக்கிறாள். மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய ஹெபடைடிஸ் சி புரோட்டீன், அவள் வெளியே எடுத்து வைத்ததில், மதியம்வரை மேசையில் கிடந்து வீணாகிவிட்டது. பாதியைப் பிரித்து அடுத்த ஃப்ரீஸரில் வைக்காதது என் சோம்பல்.

குப்பி கசிந்து அவள் விரலில் பட்டிருந்தது. லேபிளைப் படித்துப் பயந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வராதுல்லா மேடம்?"

அது வைரஸ் இல்லை. வைரஸின் ஒரு புரதம் மட்டும், பாக்டீரியாவில் வளர்த்து எடுத்தது. யாருக்கும் நோய் தராது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. நான் சொல்லவில்லை.

"புள்ளைக்குப் பால் குடுக்கலாமா?"

"நானா இருந்தா குடுக்க மாட்டேன்" என்றேன்.

களியக்காவிளை பஸ்ஸில் அழுதுகொண்டே ஏறினாளாம், வாட்ச்மேன் சொன்னார்.

இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "புள்ள அழுது கரஞ்சிட்டே இருக்கு மேடம். டப்பாப் பால வாயில வைக்க மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

படித்தேன். நீல டிக் அவளுக்கும் தெரிந்திருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி அந்த ஃப்ரீஸரைத் தொட மாட்டாள்.