துக்கத் துணி

என் பிள்ளையின் அப்பாவுக்கு,

மீன் பிடிக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு நீ ஸ்பெயினுக்குப் படகேறினாய். ஏழு மாதமாகிறது.

நம்ம ஊர் போகேயிலிருந்து பஸ் பிடித்துத் தலைநகர் நுவாக்சூத்துக்குப் போனேன். வாயெல்லாம் மணல். கடற்கரையில், உன்னைப் படகேற்றிய தெம்பாவைக் கண்டுபிடித்தேன். தேநீரை நுரை பொங்க ஊற்றிக்கொண்டே சிரித்தான்.

"ஏம்மா கலங்குற? படகு முங்கியிருந்தா அலை ஒரு செருப்பையாவது கொண்டாந்து போட்டிருக்கும்."

"செருப்ப வச்சு நான் என்ன செய்ய? ஆளு உயிரோட இருக்காரா?"

"அத அல்லாகிட்டதான் கேக்கணும். அடுத்த படகுல இடம் இருக்கு, உன் தம்பிய அனுப்புறியா?"

அந்தத் தேநீரை அவன் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். கை எழவில்லை. வழக்கப்படி மூன்றாவது குவளை வரை இருந்து குடித்துவிட்டு எழுந்தேன்.

உன் அண்ணன் ஹமாதி எனக்குத் துக்கத் துணி வாங்கி வைத்துவிட்டார். பெருநாள் முடிந்ததும் நீ இறந்துவிட்டதாக உனக்கு ஓதி, என்னை விதவையாக இத்தாவில் உட்கார வைப்பார்களாம். நான்கு மாதம் பத்து நாள் கழிந்தால் நான் அவருக்கு இரண்டாம் மனைவி.

"நம்ம வீட்டுப் புள்ளைய வெளிய விட முடியாதுல்ல?" என்றார். பள்ளிவாசலில் அத்தனை ஆண்களும் தலையாட்டினார்களாம். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. அரிசி களைகிறேன், மீன் அரிகிறேன்.

அடுத்த படகில் போகும் ஒருவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் போய்ச் சேர்வானா என்று தெரியாது.

பெருநாளுக்கு முன் உன் அண்ணனுக்குப் போன் போடு. சாகவில்லை என்று உன் வாயால் சொல்.

இன்னும் உன் மனைவி