ருசி பாக்காத பியர்

யூலை 16, 1996. செவ்வாய் இரவு.

சின்னதாப் பியர் காய்ச்சி விக்கிற பீற்றருக்கும், நான் லொறி ஓடுற விநியோகக் கொம்பனி முதலாளிக்கும் இண்டைக்குப் பெரிய சண்டை. பியர் வரேக்கையே புளிச்சிருந்ததாம் எண்டு முதலாளி. இல்லை, எங்கடை ஸ்ரோர் வெக்கையிலைதான் பழுதாப்போச்சாம் எண்டு பீற்றர். கடைசியிலை பீற்றர் என்னைக் காட்டினார்.

"இவரைக் கேளுங்கோ. ஐஞ்சு வரியமா இவர் ருசி பாத்துத்தான் என்ரை பியர் லொறியிலை ஏறினது."

நான் வேலைக்கு வந்த முதல் விண்டரிலை, விறைச்சுப்போய் நிண்ட எனக்கு, பீற்றர் தன்ரை கையாலை ஒரு கப் பியர் நீட்டினார். "எப்பிடி?" எண்டார். "நல்லம்" எண்டன். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்காகவே பிறகும் ஒவ்வொரு கிழமையும் "நல்லம்" எண்டன். நான் குடிக்கிறேல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை. அவர் திரும்பினவுடனை ஸ்னோவுக்குள்ளையோ புல்லுக்குள்ளையோ ஊத்திப்போடுவன்.

இண்டைக்கு ரெண்டுபேரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிண்டினம். முதலாளியை நான் நிமிர்ந்து பாக்கேல்லை.

"நல்லம்" எண்டன்.