வளைவில் பிடித்த பிரேக்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எங்கள் வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அவள் வாங்காவிட்டாலும் நானே கொடுத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் குடிதண்ணீரைச் சோதித்துக் குறிப்பு எழுதிய பழக்கம் இன்னும் விடவில்லை, சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எதையாவது நைசாக விட்டுவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம்.

1. வீட்டு நலம்.
2. மாமாவின் மோட்டார் சைக்கிளை நான் ஓட்டப் பழகுவது.
3. உன் இடது முழங்கை.
4. அது உடைந்ததன் உண்மைக் காரணம் எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது என்பது.
5. குழந்தையின் சைக்கிள்.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. எனக்கு இடது காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அம்மா பேசும்போது மட்டும் அது அதிகமாவதாக அவள் சொல்கிறாள். மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆறு மாதத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறுபத்திரண்டு வயதில் ஆசையாக வாங்கிய புது மோட்டார் சைக்கிள், உறை போட்டு நிற்கிறது. பார்க்கப் போன அன்று என் கையில் சாவியைத் திணித்து, "சும்மா நின்னா பேட்டரி போயிடும் அத்தான், நீங்க ஒருகாலத்துல ஓட்டினவர்தானே, வாரம் ஒருதடவை எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றான். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது, அது உனக்குத் தெரியும். அம்மா அங்கேயே, "இவரா, இவர் கேஸ் அடுப்பு பத்தவைக்கவே மூணு தடவை யோசிப்பாரு" என்று சொன்னாள். அவள் சொன்னதால்தானோ என்னவோ, எடுத்தேன்.

முப்பத்திநாலு வருடம் கழித்து உட்கார்ந்தால் எல்லாமே இடம் மாறியிருக்கிறது. நம் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இதில் நேர் எதிர். நிறுத்த வேண்டும் என்று நினைத்தால் என் இடது கால் கியரை மிதிக்கிறது, வண்டி நிற்பதற்குப் பதில் ஒரு குலுக்கு குலுக்குகிறது. உதைத்துக் கிளப்ப வேண்டியதில்லை, ஒரு பொத்தான் போதும். பக்கவாட்டு ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் இன்ஜின் தானே அணைந்துவிடும், இது தெரியாமல் வண்டி கெட்டுவிட்டது என்று மூன்று தடவை மாமாவுக்குப் போன் செய்தேன், மூன்றாவது தடவை அவன் சிரிப்பில் முட்டித் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்தேன். கடைசியில் தெருக்கோடி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தேன். என் மாணவர்களில் நீங்கள்தான் சீனியர் சார் என்றார். முன் பிரேக்கை நான் நாலு விரலாலும் இறுக்குவதைப் பார்த்து, "அது பிரேக் சார், கிணத்துக் கயிறு இல்ல, ரெண்டு விரல் போதும்" என்றார். இரண்டு விரலால் பிடிக்க மூன்று வாரம் பழகினேன், அது வந்துவிட்டது என்றே நம்பினேன்.

நான்காவது வாரம் மைதானத்துக்கு வெளியே சாலையில் ஓட்டச் சொன்னார், அவர் தன் வண்டியில் பின்னால் வந்தார். ஒரு வளைவு, ஓரத்தில் மண் சிதறிக் கிடந்தது, எதிரே ஒரு லாரி. லாரி அதன் பாட்டுக்கு அதன் பக்கத்தில்தான் வந்தது. நான் பயந்தேன். என் வலது கை, என்னைக் கேட்காமல், நாலு விரலும் சேர்த்து முன் பிரேக்கை இறுக்கிவிட்டது. விழுந்தோம் என்றே நினைத்தேன். ஆனால் பிடி விரலுக்கடியில் டக்டக்கென்று துடித்தது, வண்டி நிமிர்ந்து, வளைவை விட்டு ஓரமாகப் போய் நின்றது. அந்தப் பெண்மணி வந்து, சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் இந்த வண்டியே பார்த்துக்கொண்டது என்று விளக்கினார். "பழைய வண்டியா இருந்தா முன்சக்கரம் வழுக்கி இந்நேரம் கீழ கிடப்பீங்க. பயந்தா உங்க கை அங்கதான் போகுது சார், இது இன்னிக்கு வந்த பழக்கம் இல்ல. முன்னாடி இப்படி விழுந்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவை, பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தை அசைந்துவிட்டது என்று சொன்னேன். அந்த வாக்கியம் மனப்பாடம் ஆகியிருந்ததால் தானாக வந்தது. அவர் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். ஒன்பது என்றேன். "ஒம்பது வயசுக் குழந்தை அசைஞ்சா வண்டி லேசா ஆடும் சார். விழாது" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். நான் வெகுநேரம் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையுறையைக் கழற்றினேன். விரல் நான்கிலும் பிடியின் தடம் சிவப்பாக ஒரே கோடாக இருந்தது.

தபால் நிலையத்துக்கு அப்பால் இருந்த அந்த வளைவு உனக்கு நினைவிருக்கும். அங்கேயும் மண் கிடந்தது, எதிரே வண்டி வந்தது. நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாய், எட்டாம் வாய்ப்பாடு. நீ அசையவே இல்லை. நான் பிரேக்கை இறுக்கினேன், வண்டி விழுந்தது, உன் முழங்கை உடைந்தது. டாக்டரிடம், அம்மாவிடம், உன் டீச்சரிடம், எல்லாரிடமும் குழந்தை பின்னால் அசைந்துவிட்டாள் என்றேன். அம்மா உனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தாள், ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் என்று. சொந்தக்காரர் அத்தனை பேரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரமே நான் வண்டியை விற்றேன், பிள்ளைக்காக வண்டியையே விற்றவர் என்று ஊரெல்லாம் மெச்சினார்கள், நான் தலை குனிந்துகொண்டேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நீ அதற்குப் பிறகு எந்த வண்டியின் பின்னாலும் உட்காரவில்லை. கட்டு பிரித்த அன்று கை முழுதாக நீளவில்லை என்று தெரிந்தபோது நீ என்னிடம்தான் வந்து, "இனிமே ஆடாம உக்காருவேன்ப்பா" என்றாய்.

இதையும் மூன்று வாரம் சொல்லாமல்தான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், குழந்தை சைக்கிள் கேட்டு அடம்பிடிக்கிறாள், நீ முடியாது என்றுவிட்டாய் என்று சொல்லிச் சிரித்தாயே, "எனக்கும் வண்டிக்கும் ஆகாதுப்பா, உங்களையே கீழ தள்ளினவளாச்சே" என்று. மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. கடைசித் துண்டையும் மடித்துவிட்டு, "இத்தன வருஷமா அவளத்தானே திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம், "எங்கிட்ட சொல்லி என்ன, அவகிட்ட சொல்லுங்க" என்றாள். அதிலிருந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவள் செய்வது சரிதான்.

குழந்தைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடு. நீயே சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடு, உன்னால் முடியும், உன்னால் யாரும் விழுந்ததில்லை. குளிரில் முழங்கை வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடு, மறக்காதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும். பம்பரம் என்று நான் இனி உன்னைக் கூப்பிடமாட்டேன். மன்னிப்பாயா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுமுன் வழக்கம்போல முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மேலே வரிசைப்படுத்தியதில் நான்காவது தவறு. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தவறான பதிவை அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டுச் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோடு போட்டிருக்கிறேன், பார். போன மாதம்தான் தெரியவந்தது என்று அம்மாவிடமும் சொன்னேன், இந்தக் கடிதத்தையும் அதை வைத்துத்தான் தொடங்கினேன். சரியானது இது: உன் முழங்கை உடைந்த அன்றைக்கு எலும்பு டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது என் வலது கையில், நாலு விரலிலும், இதே தடம் சிவப்பாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பதில் சொன்னேன்.

இப்படிக்கு,
அப்பா