அடுப்பங்கரையில் நானூறு

உங்களுக்கு வணக்கத்துடன் எழுதுவது. கால்வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? நாங்கள் சுகம்.

பேரனுக்கு மூச்சு இழுத்ததே, அது நின்று பத்து நாளாகிறது, பயப்பட வேண்டாம். தெருத்தூசிதான் காரணம் என்று நான் ஜன்னலையெல்லாம் இறுக்கி அடைத்து வைத்திருந்தேன். நம் மகள் தூசியை அளக்கும் கருவி ஒன்று வாங்கி வந்தாள். வாசலில் வைத்தால், லாரி போகும்போதும் நாற்பதுதான். நான் மிளகாய் வறுக்கையில் அடுப்பங்கரையில் வைத்தால் நானூறு!

"பாட்டி, நீ லாரியைவிட மோசம்!" என்று பேரன் கைதட்டினான்.

"கண்ணுக்குத் தெரியுற தூசி மூக்கோட நின்னுடும்மா. இந்தப் புகைத்தூள் தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காது. நேரா நெஞ்சுக்குள்ள போயிடும்" என்றாள் மகள்.

ஐந்தாவது படித்த எனக்கும் அது புரிந்தது. அவனைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு தூரம் வந்து, அவன் மூச்சை நானே அடைத்திருக்கிறேன்.

இப்போது ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுச் சமைக்கிறேன். பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். கருவியைப் படித்துச் சொல்வது பேரன்தான். ஆயிரம்வரை தப்பில்லாமல் படிக்கிறான், என் ரத்தமாயிற்றே! அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போனதும் எண் தானாக இறங்கிவிடுகிறது. ஆள் நடமாடாத வீட்டில் தூசி எழும்பாதாம். பகல் முழுக்க எனக்கு நல்ல காற்றுதான், போங்கள்.

துடைக்க இங்கே நல்ல பருத்தித் துணி கிடைக்கவில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். கிழிக்க வேண்டாம். துவைக்கவும் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பள்ளி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி