நாலாயிரம் திரக்மா வக்கீல்

கர்தாமிலா, கியோஸ் தீவு
8 செப்டம்பர் 1994

என் அன்புள்ள சிதெரிஸ்,

நானும் மார்க்கெல்லாவும் நலம். நீ நலமா என்று போனில் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. போன வாரம் நீ துறைமுகத்திலிருந்து பேசிய நான்கு நிமிடத்தில் மூன்றரை நிமிடத்தை உன் மகள் எடுத்துக்கொண்டாள். எட்டு வயதில் அவளுக்கு உன்னிடம் சொல்ல அவ்வளவு இருக்கிறது. பதினோரு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அரை நிமிடம். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். காரின் இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட் ஸன்னிஸிடம் போனேன். இந்தத் தடவை புதிதாக ஒன்று சொன்னார். வழக்கமான தொகையோடு நாலாயிரம் திரக்மா சேர்த்துக் கட்டினால் வக்கீல் செலவுக்கும் காப்பு உண்டாம். யாராவது நம்மை இடித்துவிட்டு, நான் இடிக்கவில்லை என்று சாதித்தால், நம் பக்கம் வாதாடும் வக்கீலின் பீஸையும் கோர்ட்டுச் செலவையும் கம்பெனி கொடுத்துவிடும்.

"இடிச்சவனோட கம்பெனி குடுத்துட்டுப் போகுது. எனக்கெதுக்கு வக்கீலு?" என்றேன்.

"அவன் ஒத்துக்கிட்டா குடுக்கும்மா. ஒத்துக்கலேன்னா? நீங்க கட்டுற இன்சூரன்ஸ் நீங்க இடிச்சவங்களுக்குத்தான் குடுக்கும். உங்களுக்காகப் பேச யாரு இருக்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டு தலைக்குச் சாயம் போட்டால் வருகிற பணம்தான். ஆனாலும் வீணாகப் போகிற பணமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நம் தெருவில் விசாரித்துப் பார்த்தேன், ஒருவரிடமும் இது இல்லை. ஆனால் அவர்களெல்லாம் கோயிலுக்கும் கடற்கரைக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர்கள். நான் வாரத்தில் நாலு நாள் கத்தரிக்கோலும் டிரையருமாக மலை வளைவுகளில் அலைகிறவள். பிட்யோஸில் மணப்பெண், வொலிஸ்ஸோஸில் நடக்க முடியாத கிழவிகள். வண்டி நின்றால் என் பிழைப்பு நின்றது.

கார் உன் பெயரில் இருக்கிறது, உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது. முப்பதாம் தேதிக்குள் ஒரு வரி எழுது.

முத்தங்களுடன்,
ஆர்கிரோ


டர்பன் துறைமுகம்
29 செப்டம்பர் 1994

என் ஆர்கிரோ,

உன் கடிதம் மூன்று வாரம் என்னைத் துரத்திக்கொண்டு வந்து இன்று பிடித்தது. எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்து, கையிலிருந்த கிரீஸைத் துடைக்காமலே பிரித்தேன். ஓரத்தில் தெரியும் கறுப்புக் கறை அதுதான். திட்டாதே.

கேட்டதற்குப் பதில்: வேண்டாம். ஸன்னிஸ் நல்ல மனுஷன்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு புதுப் பயத்தை விற்றால்தான் அவன் வீட்டில் அடுப்பெரியும். கர்தாமிலாவில் நீ யாரைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போகிறாய்? உன்னை இடிக்கிறவன் ஒன்று உன் சித்தப்பா மகனாக இருப்பான், இல்லாவிட்டால் என் சித்தப்பா மகனாக இருப்பான். ஒரு காபியோடு பேசி முடிக்கிற சங்கதி.

அப்படியே ஏதாவது வந்தாலும் பண்டெலிஸ் இருக்கிறான். நம் கல்யாணத்தில் தலைக்கிரீடம் மாற்றிவைத்த கும்பாரோஸ், நம் மகளுக்கு ஞானத்தந்தை. உன்னைக் கும்பாரா என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிறவன், நான் கடலில் இருக்கும்போது உனக்கு என் இடத்தில் நிற்கிறவன் அவன். அவன் இருக்கும்போது வக்கீல் எதற்கு? அந்தப் பணத்தில் மார்க்கெல்லாவுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கு.

ஈஸ்டருக்கு வந்துவிடுவேன். அதுவரை வளைவுகளில் மெதுவாக ஓட்டு.

உன்
சிதெரிஸ்


கர்தாமிலா
18 அக்டோபர் 1994

சிதெரிஸ்,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் செப்டம்பர் 29ஆம் தேதியே பணம் கட்டிவிட்டேன். அதாவது நீ வேண்டாம் என்று எழுதிய அதே நாளில். இதற்கு நான் என்ன செய்யட்டும்? தபால்காரரைக் கோபித்துக்கொள்.

கட்டினதற்குக் காரணம் உண்டு. வொலிஸ்ஸோஸில் ஒரு டீச்சருக்கு முடி வெட்டினேன். ஒருவன் அவள் வண்டியை இடித்து, இடிக்கவில்லை என்று சொல்லிவிட்டான். வக்கீல் கேட்ட முன்பணத்துக்கு வழியில்லாமல் விட்டுவிட்டாள். "அது கூடப் பரவால்லக்கா. தினம் என்னைத் தாண்டிப் போறப்ப ஹாரன் அடிச்சு வணக்கம் வேற சொல்றான்" என்றாள். அந்த ஹாரனை நினைத்தால் எனக்கு எரிகிறது. திரும்பி வரும் வழியிலேயே ஸன்னிஸ் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

உன் சம்பளத்திலிருந்து எடுக்கவில்லை. செருப்பும் வாங்கியாயிற்று. கோபப்படுவதென்றால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

ஆர்கிரோ


கர்தாமிலா
24 நவம்பர் 1994

சிதெரிஸ்,

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, இடது கையால் எழுதுகிறேன். மகள் நலம். அவள் வண்டியில் இல்லை.

நவம்பர் 5, சனிக்கிழமை காலை, பிட்யோஸுக்கு ஒரு மணப்பெண்ணுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். பெட்ரோல் பங்க் தாண்டியதும் வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு பிக்கப் நிற்காமல் வந்தது. அங்கே நின்று பார்த்து வரச் சொல்லும் பலகை இருப்பது உனக்கே தெரியும். வலது கதவில் மோதி, இடது சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கல்சுவரில் கொண்டுபோய் ஒட்டியது. கியரில் இருந்த என் வலது கை மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டது. பிக்கப்பிலிருந்து இறங்கி ஓடி வந்தது பண்டெலிஸ்.

அழுதான், சிதெரிஸ். நடுரோட்டில் மண்டியிட்டு அழுதான். "என் தப்புதான் கும்பாரா! சிமெண்ட் மூட்டை சரியுதேன்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன், உன்னைக் கவனிக்கல. போலீசெல்லாம் வேணாம், நமக்குள்ள எதுக்குப் பேப்பரு? எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றான். நான் தலையாட்டினேன். கும்பாரோஸிடம் எழுதி வாங்குகிறவர்கள் உண்டா? அவனே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனான்.

போன வாரம் அவன் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வளைவில் நான் அவன் பாதைக்குள் ஏறி வந்து நேருக்கு நேர் மோதினேனாம். தப்பு முழுக்க என்னுடையதாம்.

கட்டுப்போட்ட கையோடு அவன் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் ஆணியை எடைபோட்டுக்கொண்டே பேசினான்.

"இந்த வருசத்துல எனக்கு இது மூணாவது, கும்பாரா. இதுவும் என் தலையில விழுந்தா கம்பெனி என்னைத் தூக்கிப் போட்ரும். பிக்கப் ஓடலேன்னா கடை இல்ல. உனக்கென்ன, சிதெரிஸ் சம்பாரிக்கறான். கையி பத்து நாள்ல சரியாயிடும்."

சரியாகவில்லை. கட்டைவிரலும் அடுத்த விரலும் சேர மறுக்கின்றன. கத்தரிக்கோலைப் பிடித்தால் நழுவி விழுகிறது. நரம்பில் அடி, ஏதென்ஸில் அறுவை செய்து பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சீக்கிரம் செய்யாவிட்டால் விரல்கள் இப்படியே நின்றுவிடுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸன்னிஸ் வழியாக ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன், பெயர் தெஸ்பினா. பீஸெல்லாம் அந்த நாலாயிரம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வண்டியும் பாலிசியும் உன் பெயரில் இருப்பதால் நீ கையெழுத்திட்டு அவளுக்கு அதிகாரம் தர வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். கேப்டன் முன்னால் போட்டு, முத்திரை வாங்கி, அடுத்த துறைமுகத்திலிருந்தே அனுப்பு. உன்னிடம் இதுவரை நான் எதையும் அவசரம் என்று கேட்டதில்லை. இது அவசரம்.

ஆர்கிரோ


சாந்தோஸ் துறைமுகம்
20 டிசம்பர் 1994

என் ஆர்கிரோ,

உன் எழுத்தைப் பார்த்து உடைந்துபோனேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

பண்டெலிஸின் கடிதம் உன்னுடையதற்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. அவன் தம்பி கோஸ்திஸ் கப்பல் ஆபீஸ் பையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறான். ஆளெடுக்கும் மேசையில் உட்காருகிறவன் கோஸ்திஸ்தான் என்பது உனக்குத் தெரியும். பண்டெலிஸ் மிரட்டவில்லை. "நம்ம பழக்கத்த வக்கீலுங்க கையில குடுத்துராத" என்று மட்டும் எழுதியிருந்தான். கடைசியில் "கோஸ்திஸ் உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னான்" என்று ஒரு வரி.

எனக்கு நாற்பத்தாறு வயது. என் சம்பளத்தில் பாதிக்கு வேறு நாட்டு எஞ்சினியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஈஸ்டருக்கு இறங்கினால் மறுபடி ஏற்றுவதா வேண்டாமா என்று கோஸ்திஸ் ஒரு பேனாவில் முடிவு செய்துவிடுவான். பயப்படுகிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

நீ சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். பாதித் தப்பு உன்னுடையது, பாதி அவனுடையது என்று ஒத்துக்கொண்டால் உனக்கு என்ன குறைந்துவிடும்? அவனும் தப்பிப்பான், கோர்ட்டும் வேண்டாம். உன் கைக்கு ஆகும் செலவை நான் எப்படியாவது புரட்டுகிறேன். ஏதென்ஸுக்குப் போ, நல்ல டாக்டராகப் பார்.

தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். மூன்று தடவை கேப்டன் அறை வாசல் வரை போனேன். கையெழுத்துப் போடவில்லை. என்னை மன்னித்துவிடு.

உன்
சிதெரிஸ்


கர்தாமிலா
30 ஜனவரி 1995

சிதெரிஸ்,

தாள் வந்தது. விரிக்கும் முன்பே தடவிப் பார்த்தேன், முத்திரை இல்லை என்று விரலுக்கே தெரிந்துவிட்டது.  அன்று ராத்திரி சமையல் இல்லை. மார்க்கெல்லா தானாகவே ரொட்டியில் தேன் தடவிக்கொண்டு வந்து எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. நீ அதைச் சொன்னதற்காக உன்மேல் மரியாதைகூட இருக்கிறது. ஆனால் என் பயத்தை நீ கேட்கவே இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து இந்தக் கைதான் எனக்குச் சம்பளம். நீ வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருக்கும்போது என்னை ஒரு ஆளாக நிற்கவைத்தது இதுதான். "பாதித் தப்பு" என்று எழுதிவிட்டாய். எந்தப் பாதி, சிதெரிஸ்? நேராகப் போனது பாதித் தப்பா, மணப்பெண்ணுக்கு நேரத்தோடு போகக் கிளம்பினது பாதித் தப்பா?

மறுநாள் கையெழுத்தில்லாத தாளை எடுத்துக்கொண்டு தெஸ்பினாவிடம் போனேன். மேசையில் வைத்து, "முடிஞ்சுது, அவர் போடல" என்றேன். அவள் தாளைத் தொடக்கூட இல்லை.

"வண்டி அவர் பேர்ல இருக்கு. அதனால வண்டி நஷ்டத்தை அவர் கேட்டாத்தான் உண்டு. சரி, விடுங்க. கை யார் பேர்ல இருக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அவள் பாலிசியைத் திருப்பி ஒரு பத்தியைக் காட்டினாள். அந்த வண்டியை யார் ஓட்டியிருந்தாலும் அவர்கள் உடம்புக்குப் பட்ட காயத்துக்காக வழக்குப் போட வக்கீல் செலவு உண்டு. ஓட்டினவள் கையெழுத்துப் போட்டால் போதும்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டையும் ஒண்ணாக் கேட்டாத்தான் பலம்னு நெனச்சேன். புருசன் போட மாட்டாருன்னு நான் கனவா கண்டேன்? தப்புதான்க்கா, அன்னிக்கே இதையும் சொல்லியிருக்கணும்" என்றாள்.

அங்கேயே போட்டேன். வழக்குப் பதிவாகிவிட்டது. சாட்சி இல்லை, போலீஸ் குறிப்பு இல்லை, ஜெயிப்போம் என்று அவள் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நேருக்கு நேர் மோதியிருந்தால் வண்டியின் மூக்கு நசுங்கியிருக்க வேண்டும். மூக்குக்கு ஒரு கீறலும் இல்லை, உள்ளே போயிருப்பது வலது கதவு. அதனால் விசாரணை முடியும்வரை ரிப்பேர் செய்யப் போவதில்லை. ஏதென்ஸுக்கு அடுத்த மாதம் போகிறேன், என் அண்ணன் வீட்டில் தங்குவேன். நீ புரட்டுகிற பணம் வேண்டாம்.

ஊரில் இரண்டு கட்சியாகிவிட்டது. பண்டெலிஸின் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். "கும்பாரோஸையே கோர்ட்டுக்கு இழுத்தவ" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். ஒரு கிழவி மட்டும் தலையைக் கொண்டுவந்து, இடது கையாலேயே வெட்டு, கோணலானால் முக்காடு போட்டுக்கொள்கிறேன் என்றாள். கோணலாகத்தான் வந்தது. இருவரும் சிரித்தோம், அப்புறம் அழுதேன்.

நாலாயிரம் திரக்மாவுக்கு அது பிரயோஜனமா என்று செப்டம்பரில் உன்னைக் கேட்டேன். பிரயோஜனம்தான். யாரை எதிர்த்து அது தேவைப்படும் என்பதைத்தான் நாம் இரண்டு பேரும் தப்பாக நினைத்திருந்தோம்.

விசாரணை மே 9, செவ்வாய்க்கிழமை, கியோஸ் கோர்ட்டில். அப்போது நீ ஊரில் இருப்பாய். உன்னைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை, நீ எதையும் பார்க்கவில்லை. அறையில் நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடப்பக்கம் பண்டெலிஸும் அவன் தம்பியும் உட்காருவார்கள். வலப்பக்கம் நான் உட்காருவேன், என் பக்கத்தில் இடம் இருக்கும்.

எங்கே உட்காருவாய் என்று எழுதாதே. வந்து உட்கார்.

ஆர்கிரோ