ஒன்பதாம் லீவரின் வளையம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா? ராத்திரி ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கவைக்காதே. என் முழங்கால் வழக்கம்போல மழைக்கு முன்னால் சேதி சொல்கிறது. மொட்டைமாடியில் ஒழுகின இடத்தைக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார், இப்போது பக்கத்து இடம் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் என்றால் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய், நான் அதையே சாக்காக வைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அம்மா இப்போதுதான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, எழுதறதா இருந்தா முழுசா எழுதுங்க, இல்லன்னா மழையோட நிறுத்திக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போகிறாள். முழுசாகவே எழுதுகிறேன்.

நம் ஜங்ஷனுக்கு நூறு வயது ஆகிறது, உனக்குத் தெரியும். சிக்னலையும் தண்டவாளத்தையும் மாற்ற இரும்புக் கம்பிகளை இழுக்கிற பழைய லீவர் கேபினை இடிக்காமல் காட்சி அறை ஆக்குகிறார்கள், அடுத்த மாதம் முதல் தேதி திறப்பு. உள்சுவர் முழுக்க ஸ்டேஷனின் வரலாற்றைப் பெயின்டர் எழுதப் போகிறார். எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள், உயிரோடு இருக்கிற பழைய சூப்பிரண்டெண்டுகளில் ஞாபகம் நிற்கிறவன் நான் ஒருவன்தான் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். முதலில் இது ஸ்டேஷனே கிடையாது, நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற இடம், ஒரு கிணறு, ஒரு தொட்டி, ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். ரயில் நிற்கிறதே என்று ஒருவர் டீ விற்க வந்தார், டீ குடிக்கிறவர்கள் உட்கார ஒருவர் பெஞ்சு போட்டார், பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு முடிவெட்ட ஒருவர் வந்தார், ஊர் ஆகிவிட்டது. குவாரியிலிருந்து கல் ஏற்றி வர கிளைப்பாதை போட்டபோது அதைப் பக்கத்துப் பெரிய ஊரில் சேர்க்கத்தான் வரைபடம் போட்டிருந்தார்கள். அங்கே தண்ணீர் உப்பு, பாய்லரை அரித்துவிடும் என்று இங்கே திருப்பினார்கள். ஒரு கிணற்றால் நாம் ஜங்ஷன் ஆனோம், அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பிறகு இரண்டாவது பிளாட்பாரம், கூட்ஸ் யார்டு, இருபத்துநாலு லீவர் கொண்ட மாடிக் கேபின், டீசல் வந்ததும் தண்ணீர்த் தொட்டி காய்ந்தது, மின்சாரம், இப்போது ஆறு பிளாட்பாரம். எல்லாவற்றையும் அழகாகவே எழுதினேன், படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. லீவர்மேன் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து லீவர்கள் நீக்கப்பட்டு, பொத்தானும் விளக்கும் கொண்ட நவீன பலகை நிறுவப்பட்டது என்று. அந்த வரி பொய். தெரிந்தே எழுதினேன்.

அந்த லீவர்மேனை உனக்குத் தெரியும். உன் கடிகார மாமா. பிளாட்பாரத்தில் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புவாரே, நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உன் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுப்பாரே, அவர்தான். அதற்கு முன்னால் அவர் கேபினில் லீவர் இழுத்தவர் என்பதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஒரு நாளும் தப்பு செய்யமாட்டார் என்பதால் நான்தான் அவருக்குக் கடிகாரம் என்று பேர் வைத்தேன். விபத்துக்குப் பிறகு எல்லோரும் அதே பேரைச் சொல்லி அவரைக் கேலி செய்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வெளியாட்களைக் கேபினுக்குள் விடக்கூடாது என்பது விதி, பொறுப்பு அதிகாரி நானே அதை மீறி உன்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். அன்று மூன்றாம் லைனின் கோடியில், சக்கரம் பழுதான மூன்று கல் வேகன்களைக் கழற்றி நிறுத்தியிருந்தார்கள். நடுவே தண்ணீர்த் தொட்டி மறைப்பதால் கேபினிலிருந்து அவை கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு லைனில் வண்டி நின்றால், அந்த லைனுக்கு ரயிலைக் கூப்பிடும் சிக்னல் லீவரின் கழுத்தில் ஒரு சிவப்பு இரும்பு வளையத்தை மாட்டுவோம். வளையம் இருந்தால் இழுக்கக்கூடாது. மாட்டுவது லீவர்மேன், கழற்றுவது நான் மட்டும். கழற்றிவிட்டால் லைன் காலி என்று அர்த்தம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடிகாரம் ஒன்பதாம் லீவரில் வளையத்தை மாட்டினார். என் கண்ணெதிரே மாட்டினார், போட்டாச்சு சார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் தண்டவாளம் பிரிகிற பாயின்ட்டுக்கு எண்ணெய் விடக் கீழே இறங்கினார். நீ அம்மா வேண்டும் என்று அழ ஆரம்பித்தாய். எதைக் காட்டினாலும் அடங்கவில்லை. நான் அந்த வளையத்தைக் கழற்றி, இந்தா வளையல் என்று உன் கையில் போட்டேன். நீ சட்டென்று சிரித்துவிட்டாய். ஐந்து நிமிஷத்தில் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கீழே ஆபீசில் அழைப்பு, உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்துவிட்டாள், உன்னை அவளிடம் கொடுத்தேன், நீ கையில் வளையத்தோடு வீட்டுக்குப் போனாய். எனக்கு அது அடியோடு மறந்துபோனது.

பதினொன்றே கால் பாசஞ்சர் வரும் நேரம் ஆனது. மற்ற இரண்டு லைனிலும் வண்டி நின்றது. கடிகாரம் மேலே ஏறி வந்து பார்த்தார், வளையம் இல்லை, சார் கழற்றியிருக்கிறார், வேகனை எடுத்துவிட்டார்கள் போல என்று ஒன்பதை இழுத்தார். வண்டி நிற்க வந்த வேகம்தான், அதனால் உயிர் எதுவும் போகவில்லை. பதினோரு பேருக்கு அடி. உதவி டிரைவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, அந்த மனிதர் கடைசிவரை நொண்டிக்கொண்டுதான் நடந்தார். நான் செய்தது மறதியோடு முடிந்திருந்தால் கூட மனிதன் செய்கிற தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று சாயங்காலமே கிடங்குக்குப் போய், பழைய வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, கேபின் சுவரில், லீவரில் போடாதபோது அந்த வளையம் தொங்குகிற ஒன்பதாம் கொக்கியில் மாட்டினேன். விசாரணைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, வளையம் கொக்கியிலேயே இருக்கிறது, ஆகவே லீவரில் போடவே இல்லை என்று எழுதினார்கள். நானும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். நான் போட்டேன் சார், போட்டேன் சார் என்று அவர் முதல் நாள் முழுக்கச் சொன்னார். இரண்டாம் நாள் நான் சாட்சி சொன்ன பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். அவரைக் கேபினிலிருந்து எடுத்துத் தண்ணீர்க் குழாயில் போட்டார்கள். இருபத்தெட்டு வருஷம். அதில் இருபத்துமூன்று வருஷம் என் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே, தினமும் எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டு.

நான் எழுதிய வரலாற்றைத் திருத்தம் இருந்தால் சொல்லலாம் என்று போன மாதம் ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் கடிகாரம் நம் வீட்டு வாசலில் நிற்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, நல்லா எழுதியிருக்கீங்க சார், அந்தக் கிணத்து விஷயம் எனக்கே தெரியாது என்றார். அப்புறம் மெதுவாக, உங்களை ஒண்ணு கேக்கணும், அன்னிக்கு நான் வளையத்தைப் போட்டேனா இல்லையா, போட்ட மாதிரிதான் இன்னிக்கும் கை சொல்லுது, ஆனா நீங்க பொய் சொல்ற ஆள் இல்லையே, அப்ப என் கைதானே பொய் சொல்லுது என்று கேட்டார். மகளே, சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய கதை, விடுப்பா என்று சொல்லி டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்தாய். காட்சி அறைக்கு உன் வளையலை அனுப்பப் போவதாகவும், எங்கப்பா சிக்னல் கேபின்ல எனக்குப் போட்ட வளையல் என்று ஒரு பக்கம் எழுதிக்கூட அனுப்பப் போவதாகவும் சந்தோஷமாகச் சொன்னாய். லைன் சரியில்லை என்று சொல்லி நான் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்த வளையத்தை எங்கேயாவது கிணற்றில் போட்டுவிட எத்தனையோ தடவை பார்த்தேன். நீ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாய். கல்யாணமாகிப் போகும்போது பெட்டியில் எடுத்து வைத்தாய், நான் பெண்ணைப் பிரிகிற அப்பாவாக எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே, உள்ளுக்குள் சனியன் தொலைந்தது என்று நிம்மதிப்பட்டேன். இதை எழுதவே கூசுகிறது. நீ இதில் எதற்கும் காரணம் இல்லை. அழுத குழந்தை அழுதது, அவ்வளவுதான். அதை மட்டும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் நாள், எங்கிட்ட சொல்லி என்ன, சொல்ல வேண்டிய ஆளு ரெண்டு தெரு தள்ளி இருக்காரு என்றாள். நேற்றுக் காலையில் போனேன். வாசலில் நின்றபடியே, நீங்க போட்டீங்க, நான்தான் கழட்டினேன், குழந்தைக்கு விளையாடக் கொடுத்தேன், பொய்யா சாட்சி சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்ப நான் போட்டிருக்கேன் என்றார். திரும்பவும் அதையே சொன்னார். பிறகு, உள்ள வந்து எங்க வீட்டுலயும் ஒரு தடவை சொல்லுங்க என்றார். போய்ச் சொன்னேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. முப்பத்துமூணு வருஷமா இந்த மனுஷன் கதவைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து மூணு தடவை இழுத்துப் பாக்கறாரு, அடுப்பை அணைச்சோமான்னு ராத்திரி எழுந்து எழுந்து பாக்கறாரு, பிள்ளைங்க எல்லாம் சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன், அதுக்கு என்ன பண்றது சொல்லுங்க என்று கேட்டார்.  கடிகாரம் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போதைய சூப்பிரண்டெண்ட் நல்ல பெண், பதறிப்போய், அந்த வரியையே எடுத்துடலாம் சார், யாருக்கும் சங்கடம் இல்லை என்றாள். ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் கடிகாரம் கையைத் திருப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. லீவர்மேன் வளையத்தை மாட்டியிருந்தார், பொறுப்பு அதிகாரி அதைக் கழற்றினார் என்று எழுதி, அதிகாரி என்ற இடத்தில் என் பெயரையும் சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். குட்டி ஒரு நாள் வந்து தாத்தா பேர் எங்கே என்று சுவரில் தேடுவாள். அவளுக்கு நீதான் சொல்லிப் புரியவைக்க வேண்டும், அந்தச் சுமையையும் உன் தலையில் வைக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. வளையத்தின் உள்பக்கம் விரலால் தடவிப் பார், ஒன்பது என்று பொறித்திருக்கும். நான் கொக்கியில் மாட்டிய பழைய வளையத்தில் எண்ணே கிடையாது. அன்று யாரும் உள்ளே தடவிப் பார்க்கவில்லை. நீ எழுதிய பக்கத்தை உன்னிடமே வைத்துக்கொள், அல்லது கிழித்துப் போடு, அது உன் இஷ்டம். நீ என்மேல் கோபப்பட்டாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, அம்மாவுக்கு மட்டும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்துவிடு. ஆசீர்வாதம் என்று எழுத எனக்கு இன்று கை வரவில்லை. அம்மாவின் ஆசியைச் சேர்த்து அனுப்புகிறேன், மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

மறக்காமல் ஒன்று. வளையம் கனம், துணி சுற்றிக் கெட்டியான பெட்டியில் போட்டு அனுப்பு. அது உன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நேற்று அவரிடம் சொன்னேன், முதல் தேதிக்குள் வந்துவிட்டால், ஒன்பதாம் லீவரில் தன் கையால் மாட்டுவதாகக் கடிகாரம் சொல்லியிருக்கிறார். அவருடைய முழுப் பெயரும் விலாசமும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவர் பெயருக்கே அனுப்பு. என் கைக்கு அது இன்னொரு தடவை வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா