ஆறங்குலக் கண்ணாடி

தாராவி
9-2-1964

அன்பு நாணுவுக்குப் பிச்சையா எழுதுவது. இங்கே தோல் நாற்றம் உள்பட எல்லாரும் சுகம்.

நாலு ஞாயிறாக நீ இந்தப் பக்கம் வரவில்லை. மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை முடிந்த பிறகு ஏழு மாதம் உட்கார்ந்து அந்த ஆறங்குலக் கண்ணாடியைத் தேய்த்தேன். விரல் ரேகையே அழிந்துவிட்டது. இப்போது அது உங்கள் மாதுங்கா மொட்டை மாடியில் தொலைநோக்கியாக நிற்கிறது. நான் அதில் கண் வைத்தது ஒரே தடவை. செம்பூர் ஷ்யாமளா தினமும் வந்து அளவெடுக்கிறாளாமே! உன் கல்லூரியில் படிக்கிறாள், சரி. சயான் பள்ளியில் எட்டு வருஷம் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தது யார்? என்றைக்கு வரட்டும், சொல்.

உன்
பிச்சையா

மாதுங்கா
20-2-1964

அன்புள்ள பிச்சையா,

கோபிக்காதே. நாங்கள் பார்ப்பது புனர்பூசத்தில் இருக்கும் காஸ்டர் என்ற நட்சத்திரத்தை. வெறும் கண்ணுக்கு அது ஒன்று, உன் கண்ணாடியில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிவர நானூறு வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த வருஷங்களில்தான் மிக நெருங்கி வருகின்றன. மங்கலாக, சிவப்பாக மூன்றாவது ஒன்று தள்ளி நிற்கிறது. அது இவ்விரண்டையும் சுற்றிவரப் பதினாயிரம் வருஷமாவது ஆகுமாம். மூன்றும் உள்ளே இரட்டைதான் என்கிறார் புரொபசர், ஆக ஆறு. முதல் இரண்டின் இடைவெளியை அளந்து ஷ்யாமளாவும் நானும் கட்டுரை எழுதுகிறோம்.

நீ வருவது பற்றி. குடிதண்ணீர்த் தொட்டி மாடியில்தானே இருக்கிறது. போன தடவை நீ வந்துபோனதும் கட்டிடச் செகரட்டரி அப்பாவிடம் பேசினார். தொட்டியைக் கழுவிவிட்டார்கள். கொஞ்ச நாள் போகட்டும்.

கடல் காற்றில் வெள்ளிப் பூச்சு கறுத்துவிட்டது. வாட்ச்மேனிடம் கண்ணாடியைக் கொடுத்தனுப்புகிறேன். பூசித் தா.

உன்
நாணு

மாதுங்கா
30-3-1964

அன்புள்ள பிச்சையா,

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. மே முடிந்தால் காஸ்டர் மேற்கே இறங்கிவிடும், பிறகு மழை. கட்டுரையில் உன் பெயரையும் போடலாம் என்று ஷ்யாமளா சொன்னாள், கண்ணாடி எங்கே வாங்கியது என்று எழுதும் இடத்தில். வாட்ச்மேனை அனுப்பட்டுமா?

நாணு

தாராவி
5-4-1964

நாணு,

பூசி இருபது நாள் ஆகிறது. தகரக் குழாய் செய்து பட்டறைக் கூரையில் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாவதையும் பார்த்தேன். பக்கத்து வீட்டு முருகம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "ஏலே, அந்தச் செவப்பு ஏன் தனியா கெடக்கு?" என்று கேட்டாள். "அந்த ரெண்டும் அத விட்டுப் போகவும் விடாது, கிட்ட வரவும் விடாதுக்கா" என்றேன்.

ஷ்யாமளாமேல் எனக்குப் பொறாமைதான். உன் பக்கத்தில் நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவளும் உங்கள் கட்டிடத்துக்காரி இல்லை. ஆனாலும் படியேறுகிறாள். அவள் போன பிறகு யாரும் தொட்டியைக் கழுவவில்லை.

நீயே வா. என் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடி. கண்ணாடியை எடுத்துக்கொண்டு போ.

பிச்சையா

மாதுங்கா
14-4-1964

பிச்சையா,

பரீட்சை நெருக்கடி. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் வருவான். தண்ணீரை அவனிடம் கொடு, அவன் எங்கும் குடிப்பான்.

நாணு

தாராவி
19-4-1964

நாணு,

வாட்ச்மேன் வந்தார். இரண்டு தம்ளர் குடித்தார். இருட்டியதும் காஸ்டரைக் காட்டினேன். மூன்று வருஷமாக அந்த மாடிக்குக் காவல் இருக்கிறாராம், இதுவரை அவரை யாரும் பார்க்கச் சொன்னதில்லை.

வெறுங்கையோடுதான் அனுப்பினேன். அவரைத் திட்டாதே.

பிச்சையா